விவாகரத்தில் ரத்தாவது எது?

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதிவுத் தபால். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன அன்று சாயங்காலமே, "அவளுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சாம்" என்று பால் பூத்தில் பேச்சு. ஆகவில்லை. வந்தது ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக எழுதிய கடிதம், அவ்வளவுதான். அதற்கப்புறம் மனு, வாய்தா, கவுன்சிலிங், மறுபடியும் வாய்தா என்று தீர்ப்பு வர இரண்டரை வருஷம் ஓடியது. அந்த இரண்டரை வருஷமும் சட்டப்படி அவர் அந்த மனிதரின் மனைவிதான். தெருக் கணக்கில்தான் இல்லை.

தெருவை மட்டும் குறை சொல்ல முடியாது. பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் டைவர்ஸ், நோட்டீஸ் வந்தால் டைவர்ஸ், பெரியவர்கள் உட்கார்ந்து பேசி நகையைத் திருப்பிக் கொடுத்தால் டைவர்ஸ், ஒரு நடிகர் 'பிரிகிறோம்' என்று நாலு வரி அறிக்கை விட்டால் அதுவும் டைவர்ஸ். நாம் எல்லோரும் அந்தச் சொல்லை இப்படித்தான் புழங்குகிறோம். 'விவாகரத்து' என்ற நம் சொல்லோ இன்னொரு பக்கம் குழப்புகிறது. கல்யாணத்தையே யாரோ அழித்துவிட்டது போன்ற ஒரு எண்ணத்தை அது உண்டாக்குகிறது. சட்டம் அப்படி எதையும் அழிப்பதில்லை. அதைப் புரிந்துகொள்ள முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

ரயில் ரத்து, கல்யாண ரத்து

விவாகம் சமஸ்கிருதச் சொல். 'வி' என்ற முன்னொட்டும், சுமந்து செல், அழைத்துச் செல் என்று பொருள்படும் 'வஹ்' என்ற வேரும் சேர்ந்தது. பெண்ணை அவள் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் அதன் அடியில் இருக்கும் காட்சி.

ரத்து அரபியிலிருந்து வந்தது. அங்கே 'ரத்' என்றால் திருப்பி அனுப்புதல், ஏற்க மறுத்தல். பாரசீகமும் உருதும் அதை எடுத்துக்கொண்டன. அப்புறம் நவாபு காலத்து, கம்பெனி காலத்துக் கச்சேரிகள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. வக்கீல், ஜாமீன், ஜப்தி, வாரிசு, நகல் எல்லாம் அதே வண்டியில் வந்து இறங்கியவைதான். கோர்ட்டு வாசலில் நிற்கும் ஒரு தமிழர், தனக்கே தெரியாமல் பாதி அரபி பேசிக்கொண்டிருக்கிறார்.

இரண்டையும் சேர்த்து வேர்ப்பொருளில் படித்தால் 'அழைத்துப் போனதைத் திருப்பி அனுப்புவது' என்று வருகிறது. வேடிக்கையான பொருத்தம். ஆனால் அந்தப் பழைய பொருளை இன்று யாரும் நினைப்பதில்லை. ரயில் ரத்து, தேர்வு ரத்து, டெண்டர் ரத்து என்று தினமும் செய்தியில் பார்க்கிறோம். ரத்தான ரயில் ஓடவே இல்லை. ரத்தான தேர்வுக்கு மார்க் கிடையாது. அந்தப் பழக்கத்தோடு 'விவாகரத்து' என்று படிக்கும்போது, நடந்த கல்யாணம் நடக்காதது போல ஆகிவிட்டது என்று மனசு தானாகவே எடுத்துக்கொள்கிறது. வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டேக் டைவர்ஷன்

இனி ஆங்கிலச் சொல். மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் 'டேக் டைவர்ஷன்' என்று மஞ்சள் பலகை வைத்திருப்பார்களே, டைவர்ஸுக்கும் அந்த டைவர்ஷனுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'வெர்டெரே' என்றால் திரும்புதல். 'டிஸ்' என்றால் விலகி, வெவ்வேறாக. இரண்டும் சேர்ந்து 'டிவெர்டெரே', அதாவது விலகித் திரும்புதல். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'டிவோர்டியும்'. பிரெஞ்சு வழியாக அது 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து டைவர்ஸ் ஆனது.

லத்தீனில் இந்தச் சொல் கல்யாணத்துக்கு மட்டுமே உரியதாக இருக்கவில்லை. ஒரு சாலை இரண்டாகக் கிளை பிரிகிற இடமும் டிவோர்டியும். மலை முகட்டில் மழைநீர் இரண்டு சரிவுகளாகப் பிரிகிற கோடும் டிவோர்டியும். பள்ளிக்கூட பூகோளத்தில் 'நீர்ப்பிரிமேடு' என்று படித்திருப்போம், அதே கோடுதான். மேற்குத் தொடர்ச்சி மலையை நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்குக் கிழக்கே விழுந்த மழை காவிரியாகி வங்கக் கடலுக்குப் போகிறது. மேற்கே விழுந்தது நேத்திராவதியாகி மங்களூரில் அரபிக்கடலைச் சேர்கிறது. ஒரே மேகம்தான். முகட்டுக்கு அப்புறம் வழி வேறு. அதற்காக மேகமே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கையுஸ் என்ற ரோமானியச் சட்ட அறிஞர் இந்தச் சொல்லுக்கு இரண்டு விளக்கம் தருகிறார். மனங்கள் வேறுபட்டுப் போவதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம், அல்லது பிரிகிறவர்கள் ஆளுக்கொரு திசையில் போவதால் வந்திருக்கலாம் என்கிறார். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுப்பித்த சட்டத் திரட்டில் அந்த வரி பத்திரமாக இருக்கிறது. இந்த இரண்டில் எதிலும் 'ரத்து' இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். நம் சொல் 'நீக்கிவிட்டார்கள்' என்கிறது. அவர்கள் சொல் 'வழி பிரிந்துவிட்டது' என்கிறது. சட்டம் செய்கிற வேலை இரண்டாவதற்குத்தான் நெருக்கமானது.

"உன் பொருளை நீ வைத்துக்கொள்"

ரோமில் கல்யாணத்தை முடித்துக்கொள்ள நீதிபதி தேவைப்படவில்லை. கணவன் மனைவியாக வாழும் எண்ணம் இருவருக்கும் இருக்கும்வரை அது கல்யாணம். ஒருவருக்கு அந்த எண்ணம் போய்விட்டால் கல்யாணமும் போயிற்று. கணவனும் சொல்லலாம், பிற்காலத்தில் மனைவியும் சொல்லலாம். இதற்கென்று பழகிப்போன ஒரு வாசகமும் இருந்தது. 'உன் பொருளை நீ வைத்துக்கொள்' என்று பொருள்படும் மூன்று நான்கு லத்தீன் சொற்கள். நேரில் சொல்லலாம், ஆள் மூலமும் சொல்லி அனுப்பலாம்.

இவ்வளவு லேசாக இருந்ததால், எப்போது முடிந்தது என்று நிரூபிப்பது தலைவலியாகிவிட்டது. அகஸ்டஸ் பேரரசர் காலத்துச் சட்டம் ஏழு சாட்சிகளைக் கேட்டது. ஏழு பேரும் வயதுவந்த ரோமானியக் குடிமக்களாக இருக்க வேண்டும். இன்று நம்முடைய பதிவுத் திருமணத்துக்கே மூன்று சாட்சி போதும்!

இன்னொரு விஷயமும் நமக்குப் பழக்கமானது போலவே இருக்கும். ரோமானியர்கள் பிரிவதற்காகக் கோர்ட்டுக்குப் போகவில்லை. பிரிந்த பிறகு, கொண்டுவந்த சீதனத்தைத் திரும்ப வாங்கத்தான் போனார்கள். வழக்கு நடந்ததெல்லாம் சீதனத்துக்கு.

அந்த ரோமானியச் சட்டம் ஹாலந்தில் உருமாறி, டச்சுக்காரர்களோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. இன்றும் அங்கே பொதுச் சட்டத்தின்கீழ் விவாகரத்துக் கேட்கிறவர் காட்ட வேண்டிய காரணங்களில் பிறர்மனை உறவும், கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போவதும் அந்த ரோம-டச்சு மரபில் வந்தவை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் போடுகிற வழக்கின் கொள்ளுப்பாட்டி ரோமில் இருக்கிறாள் என்று சொல்லலாம்.

டிசி வாங்குவதும் அட்மிஷன் ரத்தாவதும்

இனிக் கொஞ்சம் சட்டம். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவோம்.

ஒரு பையன் எட்டாம் வகுப்போடு டிசி வாங்கிக்கொண்டு போகிறான். அவன் அங்கே எட்டு வருஷம் படித்தது படித்ததுதான். டிசியிலேயே சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். இன்னொரு பையன் போலிச் சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்திருந்தான், கண்டுபிடித்து அட்மிஷனையே ரத்து செய்தார்கள். அவன் அந்தப் பள்ளி மாணவனாக இருந்ததே இல்லை என்று அர்த்தம். மூன்றாவது பையன் நீண்ட லீவில் இருக்கிறான். வகுப்புக்கு வருவதில்லை, ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. வேறு பள்ளியில் சேர முடியாது.

கல்யாணத்திலும் இதே மூன்று நிலைகள் உண்டு. டிசி வாங்குவதுதான் விவாகரத்து: செல்லுபடியான ஒரு கல்யாணம், தீர்ப்பு வந்த நாளிலிருந்து முடிவுக்கு வருகிறது. அதற்கு முன் நடந்ததெல்லாம் அப்படியே நிற்கும். அட்மிஷன் ரத்தாவதுதான் செல்லாத் திருமணம்: இது ஆரம்பத்திலிருந்தே கல்யாணம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்வது. நீண்ட லீவுதான் நீதிமன்றப் பிரிவு: சேர்ந்து வாழும் கடமை இல்லை, ஆனால் கணவன் மனைவி உறவு சட்டப்படி தொடர்கிறது, மறுமணம் செய்ய முடியாது.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் இவை தனித்தனிப் பிரிவுகள். 10ஆம் பிரிவு நீதிமன்றப் பிரிவு, 11ம் 12ம் செல்லாத் திருமணம் பற்றியவை, 13 விவாகரத்து. ஏற்கெனவே மனைவியோ கணவனோ உயிரோடிருக்க இன்னொரு கல்யாணம் செய்தால் அது 11இல் வரும். ஏமாற்றியோ மிரட்டியோ சம்மதம் வாங்கியிருந்தால் 12. தடைசெய்யப்பட்ட நெருங்கிய உறவில் மணப்பதும் 11தான். ஆனால் வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று சட்டமே விதிவிலக்கு தருகிறது. நம் ஊர் மாமன் மகள், அக்காள் மகள் கல்யாணங்கள் எல்லாம் அந்த விதிவிலக்கின் நிழலில்தான் நிற்கின்றன.

ஆக, 'ரத்து' என்ற சொல் உண்மையில் பொருந்துவது செல்லாத் திருமணத்துக்கு. அதை நாம் தூக்கி விவாகரத்துக்கு வைத்துவிட்டோம்.

எட்டாம் ஹென்றி எத்தனை டைவர்ஸ் செய்தார்?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி ஆறு பேரை மணந்தவர், டைவர்ஸுக்காகப் போப்போடு மோதி தனிச் சபையே கண்டவர் என்று எல்லோரும் படித்திருப்போம். கறாராகப் பார்த்தால் அவர் ஒரு டைவர்ஸ்கூடச் செய்யவில்லை.

இடைக்காலத் திருச்சபையின் கணக்கில் முறையான கல்யாணத்தை மனிதர் யாரும் கலைக்க முடியாது. ஆனால் 'டிவோர்டியும்' என்ற சொல்லை மட்டும் அவர்கள் விடவில்லை. இரண்டு காரியங்களுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். ஒன்று, 'சாப்பாட்டு மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும்' பிரிவது. லத்தீன் தொடரின் நேர்ப்பொருள் அதுதான். இருவரும் தனித்தனியே இருக்கலாம், ஆனால் கல்யாணம் தொடரும். நீதிமன்றப் பிரிவு இதன் பேரன். மற்றொன்று 'கட்டிலிருந்து' பிரிவது. கட்டு என்றால் இங்கே பந்தம். பெயர் டிவோர்டியும் என்றாலும், உள்ளே நடந்தது 'இந்தக் கல்யாணம் முதலிலேயே செல்லாது' என்ற அறிவிப்பு.

ஹென்றி கேட்டது இந்த இரண்டாவதை. 1533இல் ஆர்ச்பிஷப் கிரான்மர், முதல் மனைவி அரகான் கேத்தரினோடு நடந்த கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். இருபத்து நாலு வருஷம் நீடித்த கல்யாணம். செல்லாது என்றதும் என்ன ஆயிற்று? அவர்கள் மகள் மேரி, முறை தவறிப் பிறந்தவள் என்று அடுத்த வருஷமே சட்டம் சொன்னது. விவாகரத்து என்றால் மகளுக்கு அந்தக் கதி வந்திருக்காது. ரத்துக்கும் பிரிவுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் சொல் விளையாட்டு அல்ல என்பதற்கு அந்தப் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்ணைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. (நம் சட்டம் இந்த விஷயத்தில் கருணையோடு இருக்கிறது. கல்யாணம் செல்லாது என்று ஆனாலும் அதில் பிறந்த குழந்தை சட்டப்படியான குழந்தையே என்று 16ஆம் பிரிவு சொல்கிறது.)

இங்கிலாந்தில் சாதாரண மனிதர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு உண்மையான விவாகரத்து வாங்க 1857ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. அதற்கு முன் பணக்காரர்கள் நாடாளுமன்றத்தில் தங்களுக்கென்று தனிச் சட்டமே இயற்றிக்கொண்டார்கள். அந்த 1857 சட்டத்தைப் பார்த்து இந்தியாவில் கிறிஸ்தவர்களுக்காக 1869இல் ஒரு விவாகரத்துச் சட்டம் வந்தது. இந்துக்களுக்குச் சென்னை மாகாணம் 1949இல் தனிச் சட்டம் போட்டது, 1955இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது.

அவிழ்ப்பது, தள்ளுவது, துரும்பு கொடுப்பது

ஒவ்வொரு மொழியும் இந்த ஒரு காரியத்தை வெவ்வேறு காட்சியாகப் பார்த்திருக்கிறது. எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த பகுதி இது.

தலாக் என்ற அரபிச் சொல்லின் வேருக்குக் கட்டவிழ்த்து விடுதல் என்று பொருள். கயிறில்லாமல் மேய விட்ட ஒட்டகத்துக்கும் அதே வேரிலிருந்து சொல் உண்டு. மனைவி கேட்டுப் பெறும் பிரிவுக்கு குலா என்று பெயர், அதன் வேர் உடையைக் களைதல். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று குர்ஆன் சொல்வதோடு சேர்த்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் கனம் புரியும்.

யூத மரபில் கணவன் எழுத்தில் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். எபிரேயத்தில் அது 'அறுத்துவிடும் ஓலை'. தமிழ் பைபிளில் இது 'தள்ளுதற்சீட்டு' ஆயிற்று. ஒரே சொல்லில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கிறது. 'அவளைத் தள்ளி வச்சுட்டான்' என்று கிராமத்தில் இன்றும் சொல்வார்கள்.

அர்த்தசாஸ்திரம் பயன்படுத்தும் சொல்லைக் கேட்டால் சிரிப்பு வரும்: மோட்சம். ஒருவருக்கு மட்டும் வெறுப்பு என்றால் மற்றவர் விருப்பமில்லாமல் மோட்சம் கிடையாது, இருவருக்கும் பரஸ்பரம் வெறுப்பு என்றால் மோட்சம் உண்டு என்கிறது. தர்ம விவாகங்கள் என்று வகுக்கப்பட்ட உயர்ந்த வகைகளுக்கு அதுவும் இல்லை.

தமிழில் நாம் தாலி கட்டுகிறோம், அதனால் பிரிவை 'அறுத்து விட்டாச்சு' என்கிறோம், 'தீர்த்து விட்டாச்சு' என்றும் சொல்கிறோம். இதைவிட அழகான ஒன்று கள்ளர் சமூகத்தில் இருந்தது. சாதிக்காரர்கள் கூடியிருக்கும்போது கணவன் மனைவி கையில் ஒரு துரும்பைக் கொடுப்பான், கல்யாணம் முடிந்தது. துரும்பு கொடுத்தல் என்றாலே பிரித்துவிடுதல், துரும்பு வாங்குதல் என்றால் அதை ஏற்றுக்கொள்ளுதல் என்று 1909இல் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்னப் பொருள்.

இப்படிப்பட்ட வழக்கப் பிரிவுகளை 1955 சட்டம் ஒழிக்கவில்லை. 29ஆம் பிரிவு அவற்றைக் காப்பாற்றுகிறது. ஆனால் 'எங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இந்த வழக்கம் உண்டு' என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

அப்படியானால் எப்போதுதான் ஆகிறது?

சரி, இந்துத் திருமணச் சட்டத்தை வைத்துக்கொண்டு, தெருவில் புழங்கும் நம்பிக்கைகளுக்கு வருவோம்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர்வேறு. மேலே சொன்ன வழக்கம் நிரூபிக்கப்பட்டாலொழிய அந்தக் காகிதம் கல்யாணத்தை முடிக்காது. அதை நம்பி மறுமணம் செய்தால், அந்த இரண்டாவது கல்யாணம்தான் செல்லாத் திருமணமாகும்.

ஏழு வருஷம் பிரிந்திருந்தால் தானாகவே டைவர்ஸ் என்பது இன்னொன்று. ஆகாது. ஏழு வருஷம் ஒருவர் உயிரோடிருப்பதாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அதைக் காரணமாகக் காட்டி மனுப்போடலாம். இரண்டு வருஷம் கைவிட்டுப் போயிருந்தாலும் மனுப்போடலாம். காரணம் இருப்பது ஒன்று, தீர்ப்பு வருவது இன்னொன்று. எத்தனை வருஷம் ஆனாலும் காலம் தானாகத் தீர்ப்பு எழுதாது.

இருவரும் சம்மதித்தால் 13பி என்ற பிரிவின்கீழ் சேர்ந்து மனுப்போடலாம். இது 1976இல் சேர்க்கப்பட்டது. குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப்போட்ட பிறகு ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து, 'எங்கள் முடிவில் மாற்றமில்லை' என்று சொல்ல வேண்டும். தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. தீர்ப்பு வந்தாலும், மேல்முறையீட்டுக்கான காலம் முடியும்வரை மறுமணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

சுருக்கமாக: பிரிந்து வாழ்வது ஒரு நிலைமை, நோட்டீஸ் ஒரு கடிதம், மனு ஒரு கோரிக்கை. தீர்ப்புதான் விவாகரத்து.

முடிந்த பிறகும் எல்லாம் துடைத்துப் போய்விடுவதில்லை. குழந்தைகளுக்கு அப்பா அப்பாதான், அம்மா அம்மாதான். ஜீவனாம்சம், அதாவது பிழைப்புக்கான பங்கு, தொடரலாம். அது பற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு (2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144) ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்யாத பெண்ணும் அந்தப் பிரிவின் நோக்கத்துக்கு 'மனைவி' என்ற சொல்லில் அடங்குவாள். கல்யாணம் நிஜமாகவே ரத்தாகியிருந்தால் இப்படி ஒரு வரியை எழுதியிருக்க முடியுமா?

'மணமுறிவு' என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது, பத்திரிகைகளிலும் பார்க்கலாம். கிளை முறிந்தது என்றால் அதுவரை கிளை இருந்தது என்றுதானே அர்த்தம். சட்டத்துக்கு அது விவாகரத்தைவிடப் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஆனால் ரத்தை யார் ரத்து செய்வது? அது நன்றாக வேர்விட்டுவிட்டது.

எங்கள் தெரு அக்கா போன வருஷம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். கூடப் போயிருந்தேன். தீர்ப்பு நகலை ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்தார். அதே கவரில், அதற்குப் பின்னால், கல்யாணப் பதிவுச் சான்றிதழும் இருந்தது. "இதை இன்னும் வச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டேன். "எது முடிஞ்சதுன்னு இந்தத் தீர்ப்புல இருக்கோ, அது நடந்ததுக்கு அத்தாட்சி வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, டோக்கன் நம்பர் வருகிறதா என்று பலகையைப் பார்க்க ஆரம்பித்தார்.